ஈஸ்வரபாண்டி குடியை விட்ட கதை

ஈஸ்வரபாண்டி குடியை விட்டுவிட்டான் என்ற செய்தியைச் சுருளிப்பட்டியில் முதலில் ஒருவரும் நம்பவில்லை. நம்பும்படியான செய்தியா அது? பதினெட்டு வருசமாகக் கம்பம் ஜீப் ஸ்டாண்டில் வண்டி ஓட்டுகிறவன். விடியும் முன்னே ஏலக்காய் எடுக்கிற பெண்களை அடைத்துக்கொண்டு கம்பமெட்டு ஏறுவான். எஸ்டேட்டில் இறக்கிவிட்டு, சாயங்காலம் அத்தனை பேரையும் பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவந்து சேர்ப்பான். ஸ்டியரிங்கில் கை இருக்கும்வரை சொட்டுத் தொடமாட்டான், அந்த மட்டில் யோக்கியன். சாவியை உருவிப் பையில் போட்டுவிட்டால் அடுத்த அரைமணியில் ஆளே வேறு.

அவன் பெண்டாட்டி மாரீஸ்வரி சொல்லிப் பார்த்தாள், அழுது பார்த்தாள், பட்டினி கிடந்தும் பார்த்தாள். எதற்கும் அசையவில்லை மனுசன். கடைசியில் போன கார்த்திகையில் வீரபாண்டி கௌமாரியம்மன் முன்னால் போய் நின்று, "ஆத்தா, என்னால ஆகல. இந்த மனுசன் குடிய விட்டாகன்டா சித்திரத் திருவிழாவுக்குத் தீச்சட்டி எடுக்குறேன்" என்று கேஸை அங்கே ஒப்படைத்துவிட்டு வந்தாள். தைப்பொங்கல் முடிந்த வாரத்தில் ஈஸ்வரபாண்டி ஒருநாள் நேராக வீட்டுக்கு வந்தான். மறுநாளும் வந்தான். பதினோராம் நாள்தான் மாரீஸ்வரி வெளியே வாயைத் திறந்தாள். அதுவரை கண்பட்டுவிடுமோ என்று பயம்.

அவளுக்குத் திராட்சைத் தோட்டத்தில் வேலை. பந்தலுக்கடியில் கழுத்தை அண்ணாந்தபடியே நின்று, பழுத்த குலையைக் கத்தரியால் நறுக்கி, பழத்தின் மேல் தானாகப் பூத்த சாம்பல் பூச்சு கலையாமல் டிரேயில் அடுக்க வேண்டும். கைக்கும் கண்ணுக்கும்தான் வேலை. வாய் சும்மா இருக்கும். அதனால் அந்தப் பந்தலுக்கடியில் பேசப்படாத விசயம் கம்பம் பள்ளத்தாக்கில் நடக்கவில்லை என்றே அர்த்தம்.

"நெசமாவா மாரி? ஈஸ்வரனா?" என்று கத்தரியை நிறுத்திவிட்டுக் கேட்டாள் பக்கத்து வரிசை மொக்கம்மாள்.

"நெசமாத்தேன் மதினி. பதினோரு நாளாச்சு."

"சண்ட போட்டியா?"

"நான் எதுக்குப் போடுறேன்? ஆத்தா போட்டா."

அன்றையிலிருந்து மாரீஸ்வரி நடையே மாறிப்போனது. ரேஷன் கடையில் சொன்னாள், தண்ணீர்க் குழாயில் சொன்னாள், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த முன்பின் தெரியாத அம்மாளிடமும் சொன்னாள். கல்யாணமாகிப் பதினாலு வருசத்தில் புருசனைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல அவளுக்குக் கிடைத்த முதல் சங்கதி அது. விடுவாளா?

சித்திரை வெயிலில் முல்லையாற்றில் முழுகி, மஞ்சள் சேலை சொட்டச் சொட்டத் தீச்சட்டி ஏந்தினாள். வேப்பிலைக்கு மேல் சட்டி கனன்றது. ஈஸ்வரபாண்டி துண்டால் விசிறிக்கொண்டே பின்னால் வந்தான். சட்டியை இறக்கிவைத்துவிட்டு, அவன் நெற்றியில் திருநீறு பூசி, கழுத்திலும் கொஞ்சம் பூசத் துண்டை விலக்கியவள் அப்படியே நின்றாள். இடது பக்கம், காறை எலும்புக்கு மேலே, நெல்லிக்காய் அளவுக்கு ஒன்று தட்டுப்பட்டது.

"இதென்ன மாமா?"

"நெறி கட்டியிருக்கு. போயிரும்."

"வலிக்குதா?"

"தொட்டா வலிக்கல."

தொட்டால் வலிக்கவில்லை என்றால் ஊரில் யார் கவலைப்படுகிறார்கள்? வலிக்கிற கட்டிக்குத்தான் நம்மிடம் மரியாதை. அதிலும் நெறிகட்டு என்றால் கணக்கு சுலபம்: உடம்பில் எங்கேயோ புண் இருக்கும், அது ஆறினால் இது கரையும். மொக்கம்மாளே நேரில் வந்து ஈஸ்வரபாண்டியை உட்காரவைத்துப் புண்ணைத் தேடினாள். காதுக்குப் பின்னால் பார்த்தாள், தலையில் பார்த்தாள். கடைசியில் வலது கால் பெருவிரலில் பிரேக் கட்டை தேய்த்த காயம் ஒன்று அகப்பட்டது.

"இந்தா இருக்குல்ல! இம்புட்டுப் புண்ண வச்சுக்கிட்டு நெறி கட்டாம என்ன செய்யும்?"

கால் புண்ணுக்குத் தொடையிடுக்கில்தான் நெறி கட்டும், கழுத்தில் கட்டாது என்பது மொக்கம்மாளுக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் தேடி எடுத்த புண்ணை விட மனசு வரவில்லை. விரலுக்கு மஞ்சளும் கழுத்துக்குச் சுண்ணாம்பும் தேனும் குழைத்த பற்றும் போட்டார்கள். விரல் ஆறியது. கழுத்தில் தோல்தான் உரிந்தது, கட்டி கரையவில்லை. கம்பத்தில் ஒரு டாக்டரிடம் தனியாகப் போய்விட்டு வந்து, ஒரு வாரம் மாத்திரை தின்றான். "சரியாயிரும்ன்டாரு" என்றான். அவர் இன்னொன்றும் சொல்லியிருந்தார்: மூன்று வாரத்தில் கரையாவிட்டால் வைத்துக்கொண்டு இருக்காதே, தேனிக்குப் போய்விடு என்று. அதை ஈஸ்வரபாண்டி வீட்டில் சொல்லவில்லை.

சாயங்காலமானால் மேல் கதகதவென்று காய்ந்தது. காலையில் தலையணையைப் பிழியலாம் போல ஈரம். உடம்பெல்லாம் ஊறுகிறது என்று சொறிந்துகொண்டே இருந்தான். காய்ச்சலுக்கு மலைக்காற்று காரணம், வேர்வைக்குச் சித்திரை காரணம், ஊறலுக்கு ஏலத்தோட்டத்தில் அடிக்கிற மருந்து காரணம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் கையில் இருந்தது. மெலிவுக்கும் இருந்தது. "குடிச்ச ஒடம்பு, விட்டா வத்தத்தேன் செய்யும்" என்றாள் மொக்கம்மாள். எஸ்டேட்டில் மலையாளத்துக் கணக்கர் கூட, "எந்தா பாண்டீ, பகுதியாயல்லோ!" என்று, ஆள் பாதியாகிப்போனதைக் கேட்டிருக்கிறார். அவன் சிரித்து மழுப்பிவிட்டான்.

வைகாசிக் கடைசியில் ஒருநாள் மாரீஸ்வரியைக் கூட்டிப்போக ஈஸ்வரபாண்டி தோட்டத்துக்கு வந்தான். திராட்சை டிரே நிறுக்கிற எலக்ட்ரானிக் தராசு அங்கே கிடந்தது. விளையாட்டுப்போலத்தான் அவனை அதில் ஏறச் சொன்னாள். அறுபத்தி ரெண்டு என்று சிவப்பு எழுத்தில் காட்டியது. தராசு தப்பு என்று அவனை இறக்கிவிட்டு, ஒரு டிரேயை வைத்துப் பார்த்தாள். தராசு சரியாகத்தான் இருந்தது. போன தீபாவளிக்கு இதே தராசில் அவன் எழுபத்தி நாலு இருந்தான். குடித்துவிட்டு வந்து ஏறி நின்றுகொண்டு இறங்கமாட்டேன் என்று அடம்பிடித்ததால் அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது.

பன்னிரண்டு கிலோ. அது ஒரு டிரே திராட்சை. அந்தப் பாரம் எவ்வளவு என்று அவள் தோளுக்குத் தெரியும்.

"நாளைக்கு வண்டி எடுக்காதீக. தேனி ஆசுபத்திரிக்குப் போறோம்."

"எதுக்கு இப்ப வம்படியா..."

"போறோம்ன்டா போறோம்."

தேனி மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் அவர்களைப் பார்த்தவர் டாக்டர் ஷெரின். போடிக்காரர், அப்பா அங்கே பஜாரில் ஏலக்காய் வியாபாரம். முப்பது வயசு இருக்கும். அவசரப்படாத கை. கழுத்தைத் தடவிப் பார்த்தார், அக்குளைப் பார்த்தார், படுக்கச் சொல்லி வயிற்றை அமுக்கிப் பார்த்தார்.

"காசநோய்லயும் இப்பிடிக் கட்டி வரும். சளி, எக்ஸ்ரே எல்லாம் பாத்துருவோம். பீடி சிகரெட் உண்டாண்ணே?"

"இல்ல டாக்டரம்மா."

"குடி?"

அவன் வாயைத் திறக்கும் முன் மாரீஸ்வரி முந்திக்கொண்டாள். "விட்டுட்டாக டாக்டரம்மா! பதினெட்டு வருசமாக் குடிச்சவுக, தையிலருந்து ஒரு சொட்டு இல்ல. வீரபாண்டி ஆத்தாளுக்கு நேந்துக்கிட்டேன். தீச்சட்டியும் எடுத்துட்டேன்."

"அடேயப்பா, பெரிய விசயமாச்சே" என்று சிரித்தார் டாக்டர். எழுதப் போனவர் நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தார். "பதினெட்டு வருசப் பழக்கத்த ஒரே நாள்ல எப்பிடிண்ணே விட்டீங்க? எப்பிடி விடுறதுன்னு எல்லாரும் எங்கிட்டக் கேக்குறாங்க, நானும் சொல்லணும்ல?"

ஈஸ்வரபாண்டி தரையைப் பார்த்தான்.

"சொல்லுங்க மாமா, வெக்கம் என்ன?"

"முடியல டாக்டரம்மா."

"என்ன முடியல?"

"குடிக்க முடியல." அவன் கை தானாகக் கழுத்துக்குப் போனது. "ரெண்டாவது மடக்கு எறங்குறதுக்குள்ள இங்கன ஆணி எறக்குன மாதிரி வலிக்கும். தோளு வரைக்கும் இழுக்கும். பிராந்திதேன் சேரலன்டு பீர் குடிச்சேன், அதுக்கும் வலிச்சது. மலைமேல கள்ளு குடிச்சுப் பாத்தேன், அதுக்கும்தேன். குடிக்கலன்டா ஒண்ணும் இல்ல. அதான் விட்டேன்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். மறுபடி எழுந்து வந்து அந்தக் கட்டியைத் தொட்டுப் பார்த்தார். "இத யார்ட்டயாச்சும் சொன்னீங்களா?"

"இல்ல."

"காசநோய் இல்லாம நெறியில வர்ற வேற ஒரு நோயும் இருக்கு. அது நூறு பேருக்கு வந்தா ரெண்டு மூணு பேருக்குத்தான் இப்பிடி வலிக்கும்ண்ணே. ஆனா வலிச்சா நாங்க விடமாட்டோம். ஊசி குத்தி உறிஞ்சி மட்டும் பாத்தாப் பத்தாது. கட்டிய முழுசா எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பணும். நாளைக்கே எடுத்துருவோம்."

மாரீஸ்வரி காதில் பாதி விழவில்லை. வெளியே வேப்பமரத்தடிக்கு வந்ததும் மாமாவும் போயிற்று, மரியாதையும் போயிற்று.

"யோவ், நான் தீச்சட்டி எடுத்தப்ப ஒனக்குத் தெரியும்ல?"

"ம்."

"கை பொசுங்கப் பொசுங்க வெயில்ல நடந்தேன். பின்னால விசிறிக்கிட்டு வந்தியே, அப்பவும் தெரியும்?"

"தெரியும்."

"பெறகு ஏன்யா வாயத் தொறக்கல? ஊரு பூராம் சொல்லித் திரிஞ்சேனே, கூறுகெட்டவ மாதிரி!"

"அதுக்குத்தேன் தொறக்கல" என்றான் அவன். "பதினாலு வருசத்துல ஒன்னைய அப்பிடிச் சந்தோசமா நான் பாத்ததில்ல. வலிக்குதுன்டு ஆசுபத்திரிக்குப் போனா, அதுனாலதேன் விட்டேன்டு ஒனக்குத் தெரிஞ்சுபோகும். ஒங்கிட்ட இருந்தது அது ஒண்ணுதேன். அதையும் புடுங்க மனசு வரல."

மாரீஸ்வரி அவனை அடிக்கத்தான் கையை ஓங்கினாள். ஓங்கிய கை அவன் தோளில் விழுந்து, அங்கேயே சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டது. ஆசுபத்திரிக்கு வந்த சனம் வேடிக்கை பார்ப்பதைப் பற்றி அவளுக்குக் கவலையில்லை, ஓவென்று அழுதாள். "நீ குடிச்சு உருண்டு கெடந்தாலும் உசுரோட கெடய்யா. எனக்கு அந்தப் பெருமை மயிரு வேணாம்."

கட்டியை எடுத்து ஐந்து தையல் போட்டார்கள். முடிவு வரப் பன்னிரண்டு நாள் ஆனது. டாக்டர் ஷெரின் இருவரையும் உட்காரவைத்து, வார்த்தையை மென்று முழுங்காமல் நேராகச் சொன்னார்.

"இது புத்துநோய்தான். ஹாட்ஜ்கின் லிம்ஃபோமான்னு பேர். கழுத்து, அக்குள்லல்லாம் நெறி இருக்குல்ல, கிருமிய மறிக்கிற காவல்காரங்க மாதிரி, அங்க இருக்குற வெள்ளையணுல வர்றது. அந்தக் கெட்ட அணுவ மைக்ராஸ்கோப்புல பாத்தா ஆந்தை முழிக்கிற மாதிரியே இருக்கும். உங்களுக்கு நாலஞ்சு ஆந்தை நல்லாவே முழிச்சிக்கிட்டு இருந்துச்சு."

மாரீஸ்வரி கேட்டது ஒன்றுதான். "பொழைப்பாகளா டாக்டரம்மா?"

"புத்துநோய்ல எது வரணும்னு நம்ம கேட்டு வாங்க முடியாது. கேட்டு வாங்குறதா இருந்தா இதத்தான் கேக்கணும். மருந்துக்கு நல்லாக் கேக்குற நோய். பத்துல எட்டு பேருக்கு மேல குணமாயிர்றாங்க. ஆனா ஒரு கண்டிசன், நடுவுல விடக்கூடாது."

மதுரையில் ஸ்கேன் எடுத்தார்கள். கழுத்திலும் நெஞ்சுக்குள்ளும் இருக்கிறது, வயிற்றுக்கு இறங்கவில்லை, இரண்டாம் நிலை என்று வந்தது. காய்ச்சலும் வேர்வையும் மெலிவும் இருந்ததால் ஆறு மாசம் மருந்து: பதினைந்து நாளைக்கு ஒருதரம் நரம்பு வழியாக நாலு மருந்து, மொத்தம் பன்னிரண்டு தடவை. அதைத் தேனியிலேயே ஏற்றிக்கொள்ள டாக்டர் ஷெரின் ஏற்பாடு செய்தார். ஜீப்பைச் சக டிரைவர் பிச்சைமணி ஓட்டினான். ஈஸ்வரபாண்டியோடு ஒரே கிளாஸில் குடித்து வளர்ந்தவன் அவன்.

முதல் மருந்து ஏறிய அன்றைக்குக் கக்கூஸுக்குள் போன ஈஸ்வரபாண்டி, "ஏ புள்ள, ரெத்தமாப் போகுது!" என்று அலறிக்கொண்டு வந்தான். அது மருந்தின் சிவப்பு என்று நர்ஸ் முதலிலேயே சொல்லியிருந்தார், இவன் தூங்கியிருக்கிறான். தலைமுடி கொத்துக் கொத்தாக உதிர்ந்து, மீசையும் போனது. ரசம் தாளிக்கிற வாசனைக்கே குமட்டினான். ஆறவைத்த கேப்பைக் கூழும் சுட்ட அப்பளமும் மட்டும் உள்ளே இறங்கின. ரத்தத்தில் வெள்ளையணு குறைகிற நாட்களில் பச்சையாக எதுவும் தரக்கூடாது என்பதால், ஊருக்கெல்லாம் திராட்சை வெட்டி அனுப்பியவள் வீட்டுக்கு ஒரு குலை கொண்டுவரவில்லை. காய்ச்சல் நூறைத் தாண்டினால் விடியட்டும் என்று காத்திருக்காமல் ஓடிவர வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். இரண்டுதரம் அப்படி ஓடினாள். தெர்மாமீட்டர் பார்க்கக் கற்றுக்கொண்டாள், ரத்தச் சீட்டில் எந்த வரியைப் பார்க்க வேண்டும் என்றும் கற்றுக்கொண்டாள். ஒவ்வொருதரமும் டாக்டர், "இருமல், மூச்சுவாங்கல் உண்டா?" என்று கேட்பதற்கு முன்பே, "ரெண்டும் இல்ல டாக்டரம்மா, நெஞ்சு தெளிவா இருக்கு" என்று ஒப்பிப்பாள்.

நாலாவது மருந்துக்குப் பிறகு எடுத்த ஸ்கேனில் கழுத்திலும் நெஞ்சிலும் ஒன்றுமே தெரியவில்லை. காய்ச்சல் நின்றுவிட்டது, ஊறல் போயேவிட்டது. அதோடு ஈஸ்வரபாண்டிக்கு வாயும் வந்துவிட்டது.

"அதான் கரைஞ்சிருச்சுல்ல? இன்னும் எட்டு ஊசி எதுக்கு? நரம்பெல்லாம் எரியுது புள்ள. நான் வண்டிக்குப் போறேன்."

மாரீஸ்வரி சண்டை போடவில்லை. அவனைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போய், பந்தலின் கடைசி வரிசையில் நிறுத்தினாள். செவட்டை நோய் விழுந்து இலையெல்லாம் கருகி, பழம் பிடிக்காமல் நின்ற கொடி.

"போன மாசம் இதுக்கு மருந்தடிச்சாக. எல பளிச்சின்டு ஆயிருச்சு. ஒடனே மருந்தடிக்கிற அம்மாவாசி அண்ணே அடுத்த மருந்து வேணாம், சரியாயிருச்சுன்டு விட்டாரு. பக்கத்து வரிசைக்கு எல்லாத் தடவையும் அடிச்சாக. ரெண்டையும் பாரு. ஒனக்கு எந்த வரிசை வேணும்?"

அவன் இரண்டையும் பார்த்தான். "வக்கீலுக்குப் படிச்சிருக்கலாம்டி நீ" என்றான். மறு செவ்வாய்க்கிழமை ஐந்தாவது மருந்துக்கு அவனே முதலில் சட்டையைப் போட்டுக்கொண்டு நின்றான்.

தையில் பன்னிரண்டாவது மருந்து முடிந்தது. மாசியில் கடைசி ஸ்கேன். டாக்டர் ஷெரின் படத்தை வெளிச்சத்தில் காட்டி, "நோய் இருந்த தடமே இல்லண்ணே. மூணு மாசத்துக்கு ஒருதரம் வந்து காட்டிட்டுப் போகணும், அவ்வளவுதான். கொஞ்ச நாள்ல வண்டி ஓட்டலாம்" என்றார். அவனுக்கு மீசை அப்போதுதான் பூனைமுடி மாதிரி முளைத்திருந்தது. மாரீஸ்வரி டாக்டரின் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

இத்தோடு கதை முடிந்திருக்க வேண்டும். ஆனால் மாரீஸ்வரிக்கு மனசு ஒப்பவில்லை. இரண்டு நாள் எதையோ யோசித்தபடியே திரிந்தாள். மூன்றாம் நாள் மத்தியானம் ஜீப் ஸ்டாண்டுக்குப் போய்ப் பிச்சைமணியை ஓரமாகக் கூப்பிட்டாள்.

"அண்ணே, ஒரு குவாட்டர் வாங்கித் தாங்க."

பிச்சைமணி சுற்றுமுற்றும் பார்த்தான். "யாருக்குத்தா?"

"ஒங்க சேக்காளிக்குத்தேன்."

"ஆத்தீ! தீச்சட்டி எடுத்த கையால..."

"அண்ணே, வாங்கித் தாங்கன்டா தாங்க. கேள்வி கேக்காதீக."

பாட்டிலை முந்தானையில் மறைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். பிச்சைமணியும் பின்னாலேயே வந்து வாசலில் வண்டியைப் பார்க்கிறமாதிரி நின்றுகொண்டான். ஈஸ்வரபாண்டி அப்போதுதான் சாப்பிட்டுக் கைகழுவியிருந்தான். அவன் முன்னால் பாட்டிலையும் ஒரு தம்ளரையும் வைத்தாள். மனுசன் பயந்தே போனான்.

"ஏ புள்ள, என்ன ஆச்சு ஒனக்கு?"

"குடி மாமா. ரெண்டு மடக்கு. வலிக்குதான்டு பாத்துருவோம்."

"டாக்டரம்மாதேன் ஒண்ணும் இல்லன்டு சொல்லிட்டாகளே!"

"அது மிஷினு பாத்தது. இது நம்ம ஒடம்பு சொன்னது. மொதல்ல சொன்னது இதுதேன். இதுவும் இல்லன்டு சொல்லட்டும், நான் நிம்மதியாத் தூங்குறேன்."

ஈஸ்வரபாண்டி பாட்டிலைத் திருகித் திறந்தான். தம்ளரில் இரண்டு விரல்கடை ஊற்றினான். ஒரு வருசம் கழித்து அந்த வாசனை வீட்டுக்குள் எழுந்தது. மாரீஸ்வரி அசையவில்லை. அவன் கழுத்தில் தையல் தழும்பின்மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவன் தம்ளரை வாய்வரை கொண்டுபோனான். பிறகு மெதுவாகக் கீழே வைத்தான்.

"வேணாம்."

"பயமா இருக்கா? நான் இருக்கேன்ல. வலிச்சா இப்பவே தேனிக்குப் போயிருவோம்."

"வலிச்சாப் பயமில்ல புள்ள. வலிச்சா என்ன செய்யணும்ன்டு நமக்குத் தெரியும்." அவன் தம்ளரைத் தள்ளி வைத்தான். "வலிக்கலன்டா என்ன செய்யிறது? இம்புட்டு நாளா அது என்னையப் பிடிச்சுக்கிட்டு இருந்துச்சு. இப்ப வலிக்கலன்டு தெரிஞ்சா நாளைக்கும் நாக்கு கேக்கும். தெரியாமயே இருந்துட்டுப் போகட்டும்."

"அப்ப எனக்கு எப்பிடித் தெரியும்?"

"ஸ்கேன நம்பு."

"நீ எத நம்புவ?"

"நீ என்னைய நம்புனா, நான் அத நம்பிக்கிறேன்."

அவள் எழுந்தாள். பாட்டிலையும் தம்ளரையும் எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். பிச்சைமணி ஆவலாக ஓரடி முன்னால் வந்து, "வேணாம்ன்டா வீணாக்காதத்தா, இங்கன குடு" என்றான். அவன் முகத்துக்கு நேராகவே சாக்கடையில் கடைசிச் சொட்டுவரை கவிழ்த்தாள்.

"போயி வண்டியத் தொடைச்சு வைங்கண்ணே. அடுத்த வாரம் ஓட்டுறவுக வாராக."

ஊர்க் கணக்கில் ஈஸ்வரபாண்டி குடியை விட்டு ஒரு வருசத்துக்கு மேலாகிறது. மாரீஸ்வரி மட்டும் அந்த மாசி மத்தியானத்திலிருந்துதான் நாளை எண்ணத் தொடங்கினாள். இந்தத் தடவை ரேஷன் கடையிலும் சொல்லவில்லை, பந்தலுக்கடியிலும் சொல்லவில்லை.